பூதம் புறப்பட்ட இடம்: நெய்வேலி வழக்கில் ஒரு சொல்லாராய்ச்சி

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்று தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். எந்த ஊர்க் கிணறு, வெட்டியவர் யார், புறப்பட்ட பூதம் பிறகு எங்கே தங்கியது, அதற்கு ரேஷன் கார்டு கொடுத்தார்களா என்று இதுவரை ஒருவரும் விசாரிக்கவில்லை. குறளுக்குப் பதின்மர் உரை கண்ட இனம், அன்றாடம் வாயில் புழங்கும் ஒரு பழமொழியை ஊர், பேர், சர்வே எண் எதுவுமில்லாமல் அநாதையாக விட்டு வைத்திருப்பது ஆய்வுலகத்துக்கே இழுக்கு. அந்த இழுக்கைத் துடைக்க இக்கட்டுரையாளன் முன்வந்திருக்கிறான். வேறு யாரும் வரவில்லை என்பது ஒரு கூடுதல் காரணம்.

கருதுகோள் எளியது. அந்தக் கிணறு கடலூர் மாவட்டம் நெய்வேலியில் இருக்கிறது. வெட்டியவர் ஜம்புலிங்க முதலியார். காலம் 1930களின் நடுப்பகுதி. பாசனத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று நிலத்தில் துளை போட்டார். தண்ணீரோடு கருப்பாக ஏதோ வந்தது. வந்ததன் அரசாங்கப் பெயர் பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பர் 14 அன்று அதைப் பராமரிக்க என்எல்சி என்ற கம்பெனி உருவானது. பேய்க்குப் புளியமரம் ஒதுக்குவது நம் மரபு. பூதத்துக்குப் பொதுத்துறை நிறுவனம், குடியிருப்பு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கேன்டீன் எல்லாம் சேர்த்து ஒரு நகரியத்தையே ஒதுக்கிக் கொடுத்த ஊர் நெய்வேலி.

காலமுரணும் சமாதானமும்

இந்தக் கருதுகோளைக் கேட்டவுடன் படித்தவர்கள் எழுப்பும் ஆட்சேபம் ஒன்று உண்டு. பழமொழி பழையது, கிணறு புதியது. நம் பாட்டிகளின் பாட்டிகளே சொல்லிவந்த ஒன்று 1930களில் நடந்த சம்பவத்திலிருந்து எப்படிப் பிறக்கும்? நியாயமான கேள்விதான். ஆனால் கேட்பவர்களுக்கு அரசு அலுவலக நடைமுறை தெரியவில்லை. எந்தத் துறையிலும் பணியிடத்துக்குத்தான் முதலில் ஒப்புதல் கிடைக்கும். ஆள் வருவது பிறகு, சில சமயம் பல தலைமுறைக்குப் பிறகு. பழமொழி என்பது முன்கூட்டியே ஒப்புதலாகிவிட்ட காலிப் பணியிடம். அதில் ஜம்புலிங்க முதலியார் வந்து சேர்ந்தார், அவ்வளவே.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் நுணுக்கமானது. வெட்டியவுடனே பூதம் புறப்பட்டுவிட வேண்டாமா? நெய்வேலியில் அப்படி நடக்கவில்லை. முதலியாருடைய துளைக்குப் பிறகு, 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தன் பங்குக்குத் துளை போட்டுப் பார்த்தது. 1950களில் லண்டனிலிருந்து பவல் டஃப்ரின் என்ற ஆலோசனை நிறுவனம் வந்து அறிக்கை கொடுத்தது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அதன் பிறகும் நான்காண்டு மண்ணை அள்ளித்தான் 1961 ஆகஸ்டில் நிலக்கரியின் முகத்தைப் பார்த்தார்கள். ஆக, வெட்டியதற்கும் புறப்பட்டதற்கும் நடுவே கால் நூற்றாண்டு.

இதற்கு இலக்கணத்திலேயே இடமிருக்கிறது. பழமொழியில் உள்ள ‘வெட்ட’ என்பது செய என்னும் வாய்பாட்டு வினையெச்சம். மழை பெய்ய நெல் விளைந்தது என்று பள்ளிக்கூடத்தில் எடுத்துக்காட்டு சொல்வார்கள். மழை பெய்த அன்று சாயங்காலமே எந்த வயலிலும் நெல் விளைந்துவிடாது. நடுவில் நாற்று, களை, பூச்சி, கூட்டுறவு வங்கி என்று எவ்வளவோ இருக்கிறது. அந்த இடைவெளி முழுவதையும் ஓர் எச்சம் விழுங்கிக்கொள்ளும் என்றால், மூன்று நான்கு கமிட்டிகளையும் ஒரு லண்டன் அறிக்கையையும் அது விழுங்காதா? இலக்கணம் இடம் கொடுத்துவிட்டது. வரலாற்றாசிரியர்கள் சற்று நகர்ந்து உட்காரலாம்.

வெட்டுதலா, துளைத்தலா

முதலியார் வெட்டியது கிணறு இல்லை, குழாய் இறக்கினார், ஆகவே பழமொழி பொருந்தாது என்று ஒரு நண்பர் வாதிட்டார். அவர் வருவாய்த்துறையில் வேலை பார்த்தவர், அதனால் இதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. இருந்தாலும் பதில் உண்டு. முதலியார் துளைத்தார், பின்னால் வந்தவர்கள் வெட்டியே காட்டினார்கள்.

நெய்வேலிச் சுரங்கத்தைச் சுரங்கம் என்று சொல்வது மரியாதைக்காக. பூமிக்கடியில் குடைந்து விளக்கைக் கட்டிக்கொண்டு உள்ளே போகும் சுரங்கம் இங்கே இல்லை. மேலே இருக்கும் மண்ணை முழுவதும் அள்ளி அப்புறப்படுத்திவிட்டு, வெட்டவெளியில் கரியை எடுக்கிறார்கள். மேல்மண்ணின் தடிமன் இடத்துக்கு இடம் 45 மீட்டரிலிருந்து 103 மீட்டர் வரை. அதற்குக் கீழே நிலக்கரி 8 மீட்டரிலிருந்து 27 மீட்டர் வரை. கரையில் நின்று எட்டிப் பார்த்தால் கிணற்றுக்குரிய லட்சணம் எல்லாம் இருக்கும்: ஆழம், சுற்றுப்படி, ஊற்று, எட்டிப் பார்ப்பவருக்குத் தலைசுற்றல். வாளியும் உண்டு. பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் என்று ஒரு யந்திரம், ராட்டினம் போல் ஒரு சக்கரம், அதன் விளிம்பு முழுக்க வாளிகள். பெரிய யந்திரத்தில் வாளி ஒவ்வொன்றும் 1400 லிட்டர். ஜெர்மனியிலிருந்து வந்த இந்த யந்திரங்கள் இராப்பகலாக மண்ணை வழித்துக் கன்வேயரில் போட்டுக்கொண்டே இருக்கும். வாளியும் ராட்டினமும் உள்ள ஒன்றைக் கிணறு என்று ஒப்புக்கொள்ளாதவர் பழமொழிக்கு மட்டுமல்ல, கிணற்றுக்கும் விரோதி.

ஊர்ப் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலி என்பது பழைய நில அளவு. நெய் என்றால் நெய். கோயில் விளக்குக்கு நெய் வார்க்க விடப்பட்ட நிலம் என்று இக்கட்டுரையாளன் பொருள் கொள்கிறான். கல்வெட்டுச் சான்று கேட்டு யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம். தென்னிந்திய மாநிலங்களுக்கெல்லாம் விளக்கெரியக் கொடுக்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது என்பதே சான்று.

பூதம் என்பது யாது

இனி சொல்லுக்கு வருவோம். பூதம் வடமொழியிலிருந்து வந்த சொல். அதன் வேர்ப் பொருள் பயங்கரமான எதுவும் கிடையாது. ‘ஆனது’, ‘இருந்தது’ என்பதே. கடந்த காலத்தைப் பூதகாலம் என்று சொல்வதும் இந்த வேரால்தான். அதாவது பூதம் என்றால் முன்பு இருந்தது, இப்போது போய்விட்டது, ஆனாலும் முழுசாகப் போகவில்லை என்று பொருள். அகராதிக்காரர்கள் இதற்குக் கோரைப்பல்லும் பெருவயிறும் பிற்பாடு சேர்த்துவிட்டார்கள்.

இப்போது நெய்வேலிக் கரியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே சதுப்புக்காடு இருந்தது. மரம் விழுந்தது, சேற்றில் அமிழ்ந்தது, மேலே மண் மூடியது, அழுத்தியது. சில துண்டுகளில் மரத்தின் வரி இன்னும் கண்ணுக்குத் தெரியும். விழுப்புரம் பக்கம் திருவக்கரையில் இதே கடலூர் மணற்பாறையில் கிடக்கும் மரங்கள் கல்லாகிவிட்டன. நெய்வேலி மரங்கள் கரியாகிவிட்டன. முன்பு இருந்தது, போய்விட்டது, முழுசாகப் போகவில்லை. வேர்ச்சொல் அகராதியின் கண்டிப்பான பொருளில், தமிழ்நாட்டில் கிலோ கணக்கில் நிறுத்துக் கொடுக்கக்கூடிய பூதம் பழுப்பு நிலக்கரி ஒன்றுதான். உண்மையிலேயே நிறுத்துக் கொடுத்துமிருக்கிறார்கள். கரியை அச்சுக்கட்டியாக்கிச் சுட்டு ‘லெக்கோ’ என்ற பெயரில் அடுப்புக்கு விற்றபோது, எத்தனையோ வீடுகளில் பூதத்தின் மேல் சாம்பார் கொதித்தது.

சென்ற தலைமுறைப் பள்ளிக்கூடங்களில் இயற்பியலுக்குப் பௌதிகம் என்று பெயர். அதுவும் பூதத்திலிருந்து வந்த சொல்தான். பேய் பிசாசு எல்லாம் மூடநம்பிக்கை என்று வகுப்பில் பிரம்பால் மேசையைத் தட்டிச் சொன்ன பௌதிக வாத்தியார், நாள் முழுக்க நடத்தியது பூதவித்தை. அவருக்கு இது தெரிந்திருந்தால் சம்பள உயர்வு கேட்டிருப்பார்.

பூதம் உயர்திணையா, அஃறிணையா என்பதும் தீராத வழக்கு. நன்னூல் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்க்கிறது. பதினெண்கணத்தில் பூதகணமும் உண்டு. ஆகவே பூதர் உயர்திணை என்று வாதாட முடியும். பழமொழியோ ‘புறப்பட்டது’ என்று அஃறிணையாக முடித்துவிட்டது. மரியாதைக் குறைவுதான். வந்திருப்பது யார் என்று தெரியாத நேரத்தில் சொன்னது, மன்னிக்கலாம்.

இலக்கியத்தில் பூதத்துக்கு உத்தியோகமும் உண்டு. சிலப்பதிகாரத்தில் புகாரின் நாற்சந்தியில் ஒரு சதுக்கப் பூதம் இருந்தது. பொய்ச்சாட்சி சொல்பவர், புறங்கூறுபவர், வேலையில் வஞ்சம் செய்யும் அமைச்சர், பொய்த் தவவேடம் போடுபவர் இவர்களையெல்லாம் கயிற்றால் கட்டி, அடித்து, தின்னும். இன்றைய மொழியில் விஜிலன்ஸ் துறை, தின்பது மட்டும் நீங்கலாக. நெய்வேலி நகரியத்தில் நேர்நேரான சாலைகளும் நாற்சந்திகளும் ஏராளம். வட்டம் என்று பெயர், போட்டிருப்பது சதுரம். சதுக்கப் பூதத்துக்கு இவ்வளவு வசதியான ஊர் வேறில்லை. ஆனால் சந்திக்குச் சந்தி இருப்பது டீக்கடை. புறங்கூறுபவர்கள் அங்கேதான் கூடுகிறார்கள், பயமில்லாமல்.

இன்னொரு சான்றும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் வைணவர்கள் கோபித்துக்கொள்வார்கள். நெய்வேலிக்கு வடமேற்கே திருக்கோவிலூரில், ஒரு மழை இரவில், ஒருவர் படுக்கக் கூடிய இடைகழியில் மூவர் நின்றார்கள். ஒருவர் பொய்கையாழ்வார், இன்னொருவர் பூதத்தாழ்வார், மூன்றாமவர் பேயாழ்வார். கும்மிருட்டு. அப்போது பொய்கையாழ்வார் பூமியையே அகலாக்கி விளக்கேற்றிப் பாடினார் என்பது வரலாறு. தரவுகளை வரிசைப்படுத்திப் பாருங்கள்: மின்வெட்டு, அருகில் பூதம், பேய், விளக்கெரிக்கப் பயன்பட்டது பூமி. இதற்கு மேல் ஒரு திட்ட அறிக்கை எப்படித் தெளிவாக இருக்க முடியும்? பவல் டஃப்ரினை லண்டனிலிருந்து வரவழைத்திருக்கவே வேண்டாம்.

பஞ்சபூதத் தலங்களில் ஆகாயத்துக்குரிய சிதம்பரம் இதே மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே ஒரு பூதத்துக்கு ஒரு கோயில். நெய்வேலியிலோ நிலத்தை அள்ளுகிறார்கள், நீரை இறைக்கிறார்கள், தீயை மூட்டுகிறார்கள், உலையில் காற்றை ஊட்டுகிறார்கள், மிச்சத்தைப் புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்கு அனுப்புகிறார்கள். ஐந்து பூதமும் ஒரே வளாகத்தில் மூன்று ஷிப்டில் வேலை பார்க்கும் தலம் என்ற வகையில் இதை ஆறாவது தலமாக அறிவிக்க இந்து சமய அறநிலையத் துறை ஆவன செய்யலாம்.

வேலை கேட்கும் பூதம்

சிறுவயதில் எல்லோரும் கேட்ட கதை. ஒருவன் மந்திரம் சொல்லிப் பூதத்தை வரவழைத்தான். வந்த பூதம் ஒரு நிபந்தனை போட்டது: எனக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், வேலை இல்லாவிட்டால் உன்னை விழுங்கிவிடுவேன். அரண்மனை கட்டு என்றான், நொடியில் கட்டியது. குளம் வெட்டு என்றான், வெட்டியது. வேலை தீர்ந்ததும் அவன் நடுங்கிப் போய், கடைசியில் நாய் வாலை நிமிர்த்து என்று சொல்லித் தப்பித்தான்.

நெய்வேலி நிலக்கரிப் படுகைக்கு அடியில் இந்தப் பூதம் நிஜமாகவே இருக்கிறது. அங்கே நிலத்தடி நீர் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ என்ற கணக்கில் அது கீழேயிருந்து கரிப்படுகையை மேல் நோக்கித் தள்ளுகிறது. மேல்மண் இருந்தவரை மண்ணின் கனம் அதை அமுக்கி வைத்திருந்தது. மண்ணை அள்ளிவிட்டால் யார் அமுக்குவது? ஆகவே சுரங்கத்தைச் சுற்றிலும் குழாய்க் கிணறு போட்டு, பம்பு வைத்து, இராப்பகல் விடாமல் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பம்புக்கு விடுமுறை கிடையாது. நிறுத்தினால் நீர் கரிப்படுகையைப் பிளந்துகொண்டு மேலே வரும். அள்ளிய பள்ளம் ஏரியாகும். கதையில் வந்தவன் சாமர்த்தியசாலி, நாய் வாலைக் கண்டுபிடித்தான். நெய்வேலி இன்ஜினியர்களுக்கு அந்த வால் இன்னும் அகப்படவில்லை. வேலை கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அதே நீர்தான் முதலியாருடைய குழாயில் கருப்போடு சேர்ந்து வந்த நீரும். அவர் கேட்டது நீரை. பூதம் தன்னுடைய பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியது.

பூதத்துக்கு உணவு என்ன என்ற கேள்வி இங்கே எழுகிறது. இதில் இக்கட்டுரையாளனுக்கு வேடிக்கை பேச மனம் வரவில்லை. பூதம் தின்பது நிலத்தை. மேல்மண் என்று பொறியாளர்கள் சொல்லும் அந்த 45 மீட்டரின் முதல் ஒரு மீட்டரில் ஊர் இருந்தது, முந்திரித்தோப்பு இருந்தது, அய்யனார் இருந்தார். நகரியத்திலிருந்து வெளியே வந்து சுற்றுவட்டக் கிராமங்களில் பேச்சுக் கொடுத்தால் பூதம் என்ற சொல்லை யாரும் எடுப்பதில்லை. ‘எங்க நெலம் என்எல்சிக்குப் போயிடுச்சு’ என்பார்கள். விற்றுவிட்டோம் என்பதில்லை, எடுத்துக்கொண்டார்கள் என்பதுமில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த ஊரைச் சொல்லும் அதே வினைச்சொல். 2023 ஜூலையில், அப்படிப்பட்ட ஒரு கிராமமான வளையமாதேவியில், வாய்க்கால் வெட்ட என்று, பச்சைப் பயிர் நின்ற வயலில் யந்திரங்களை இறக்கினார்கள். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கிணறு வெட்டியவருக்கு என்ன ஆயிற்று என்று பழமொழி சொல்வதில்லை. பக்கத்து வயல்காரருக்கு என்ன ஆயிற்று என்றும் சொல்வதில்லை. பழமொழியின் பெரிய குறை இது.

ஆவி: ஒரு துணையாய்வு

பூதத்தைத் தோண்டியாகிவிட்டது, அடுத்து அதைக் கொளுத்தி ஆவியை எழுப்ப வேண்டும். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில், பூதத்தைத் தோண்ட மேற்கு ஜெர்மனி யந்திரம் கொடுத்தது, ஆவியை எழுப்ப சோவியத் ஒன்றியம் கொதிகலன் கொடுத்தது. பெர்லினில் சுவர் எழும்பிய அதே 1961 ஆகஸ்டில்தான் நெய்வேலியில் கரி கண்ணில் பட்டது. உலகத்தில் வேறெங்கும் ஒத்துப்போகாத இரண்டு தரப்பும் ஒரு பூதத்தையும் ஓர் ஆவியையும் முன்னிட்டு முந்திரிக்காட்டில் ஒத்துப்போனதை, சர்வதேச உறவுகள் பற்றி எழுதுகிறவர்கள் இன்னும் கவனிக்கவில்லை.

ஆவி என்ற சொல்லின் புழக்கம் நெய்வேலியில் தனி வகை. மற்ற ஊர்களில் ஆவி என்றால் பயம். இங்கே ஆவி என்றால் சம்பளம். வேற்றுமை உருபைக் கவனித்தால் விஷயம் விளங்கும். சளி பிடித்தவர் ஆவி பிடிக்கிறார். அங்கே அவர் எழுவாய், ஆவி செயப்படுபொருள், நொச்சியிலை சாட்சி. வேளைகெட்ட வேளையில் புளியமரத்தடியில் போனவரை ஆவி பிடிக்கிறது. அங்கே ஆவி எழுவாய், அவர் செயப்படுபொருள், பூசாரி சாட்சி. அனல்மின் நிலையத்தில் ஆவி எழுவாயாகவே இருந்து டர்பைனைப் பிடித்துச் சுற்றுகிறது. சாட்சி மின்சார மீட்டர். வேலை முடிந்த ஆவி விட்டுப் போய்விடுவதில்லை. கண்டென்சரில் குளிர்ந்து நீராகி, மறுபடி கொதிகலனுக்குப் போய், மறுபடி ஆவியாகிறது. மறுபிறவி இல்லை என்று சொல்பவர்கள் ஒரு நாள் நைட் ஷிப்டுக்கு வரலாம்.

இன்னொன்று. உண்மையான ஆவி கண்ணுக்குத் தெரியாது என்று பேயோட்டிகள் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். பொறியியல் அவர்கள் பக்கம். டர்பைனைச் சுற்றும் உலர்ந்த நீராவிக்கு நிறம் கிடையாது. கசிந்தால்கூடப் பார்க்க முடியாது, அதுதான் அதன் ஆபத்து. தூரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் ‘அதோ ஆவி’ என்று காட்டும் வெள்ளை மூட்டம், குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து கிளம்பும் நீர்த்திவலை. எங்கும் போல இங்கும் உழைக்கிற ஆவி மறைந்திருக்கிறது, வெட்டியாக நிற்பது ஊருக்கெல்லாம் தெரிகிறது. இதோடு, நெய்வேலிக் கரியின் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஈரம் உலையில் பட்டதும் அதுவும் ஆவிதான். பூதத்துக்குள்ளேயே பாதி ஆவி. பேயியல் நூல்கள் எதிலும் இந்த வகைக்கு இடமில்லை.

கொள்ளிவாய்ப் பிசாசும் இந்தக் குடும்பம்தான். சதுப்பு நிலத்தில் இரவில் தீ எரிவதாகச் சொல்லப்படும் அந்தப் பிசாசைச் சதுப்பு வாயு என்று பௌதிக வாத்தியார்கள் விளக்குவார்கள். நெய்வேலிக் கரியே சதுப்பின் பிள்ளை. காற்றுப்பட்டால் மெல்லச் சூடேறி, கொளுத்துவார் இல்லாமலே பற்றிக்கொள்ளும் சுபாவம் அதற்குண்டு. குவித்து வைத்த கரியை எந்நேரமும் கண்காணிக்க வேண்டியிருப்பது அதனால்தான். பரம்பரைக் குணம் என்பதற்கு மேல் இதற்கு விளக்கம் தேவையில்லை.

முதல் அனல்மின் நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கி, படிப்படியாக 600 மெகாவாட்டாக வளர்ந்து, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. அதன் ஆவி 2020இல் பிரிந்தது. இந்த வாக்கியத்தில் உருவகம் எதுவும் கிடையாது என்பதைத் தேர்வாளர்கள் கவனிக்க வேண்டும்.

காத்துக் கருப்பு

மனிதருக்கு அப்பாற்பட்டதைக் குறிக்கத் தொலைக்காட்சிக்காரர்கள் இப்போதெல்லாம் அமானுஷ்யம் என்கிறார்கள். பின்னணியில் கதவு கிரீச்சிடாமல் அந்தச் சொல்லை உச்சரிக்க முடியாது. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. குழந்தை ராத்திரி வீரிட்டு அழுதால், ‘காத்து கருப்பு எதாச்சும் பட்டிருக்கும்’ என்பார்கள். காற்றும் கருப்பும் என்று விரிவதால் உம்மைத்தொகை. இரண்டில் எதையும் சொல்லாமல் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வதால் அன்மொழித்தொகை. கருப்பான காற்று என்று கொண்டால் பண்புத்தொகைக்கும் வழி உண்டு. ஒரே பேய்க்கு மூன்று தொகை. தமிழாசிரியர்கள் ஒரு செமஸ்டர் ஓட்டலாம்.

பேரைச் சொன்னால் வந்துவிடும் என்ற பயத்தால் வேறு பேர் சொல்வதை நன்னூல் தகுதி வழக்கில் வைக்கிறது. அதிலும் மங்கலம் என்று ஒரு பிரிவு. கருப்பு ஆட்டையும் வெள்ளாடு என்பது மங்கலத்துக்கு உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு. இங்கேதான் இக்கட்டுரையாளன் இரவெல்லாம் தூங்காமல் யோசித்தது. ஆட்டுக்கே வெள்ளையடித்தவர்கள், பேய்க்கு மட்டும் கருப்பை ஏன் அப்படியே விட்டார்கள்? முறைப்படி ‘காத்து வெள்ளை’ என்றல்லவா இருக்க வேண்டும்?

விடை நூலகத்தில் கிடைக்கவில்லை, நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பம் பக்கம் ஒரு மொட்டைமாடியில் கிடைத்தது. துணியை மாடியில் காயப்போடாமல் கூடத்துக்குள் கொடி கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், காத்துக் கருப்பில் நம்பிக்கை உண்டா என்று கேட்டபோது, அவர் கொடியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: ‘நம்பிக்கை இன்னா தம்பி நம்பிக்கை. காத்து திரும்பிச்சின்னா கருப்பு வந்துடும். வெள்ள வேட்டிய அலசி மாடியில போட்டுப் பாரு, தெரியும்.’

கரித்தூளும் சாம்பலும் பறக்கும் ஊரில் இந்தத் தொகைச் சொல் விரிந்து நேர்ப்பொருளுக்கு வந்துவிட்டது. காத்து என்றால் காத்து. கருப்பு என்றால் கருப்பு. மந்திரித்த கயிறு போதாது, மறுபடி சோப்புப் போட வேண்டும். மங்கல வழக்குக்கு இங்கே வேலையே இல்லை; ‘காத்து வெள்ளை’ என்று எவ்வளவு பணிவாகக் கூப்பிட்டாலும் அது வேட்டியில் கருப்பாகத்தான் உட்காரும். நன்னூலார் இந்தப் பக்கம் வந்து ஒரு வாரம் துணி துவைத்திருந்தால் அந்தப் பகுதியை வேறு மாதிரி எழுதியிருப்பார் என்று இக்கட்டுரையாளன் துணிந்து கூறுகிறான்.

நிதி கோரல்

ஆய்வு இன்னும் முடியவில்லை. மோகினி, முனி, இரத்தக்காட்டேரி ஆகியவற்றுக்கு நெய்வேலியில் இணையான யந்திரங்கள் எவை என்று பார்க்க வேண்டும். இரத்தக்காட்டேரி பற்றி வருமானவரி பிடித்தம் செய்யும் பிரிவில் சில தடயங்கள் உள்ளன; இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும். வில்லுடையான்பட்டு முருகன் கோயிலில் பங்குனி உத்திரக் கூட்டத்தில் சாமியாடுபவர்களிடம் ஷிப்ட் முறை உண்டா என்றும் விசாரிக்க வேண்டும். இதற்கெல்லாம் பணம் தேவை. ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் அனுப்பியதற்கு, பதிலுக்குக் காத்திருக்குமாறு ஒரு பதில் வந்திருக்கிறது.

ஆகவே வேறு வழி பார்த்தாகிவிட்டது. நெய்வேலி நடராசர் கோயிலில் மனுநீதி முறைப்பெட்டி என்று ஒன்று உண்டு. குறையை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, பக்கத்தில் உள்ள ஆராய்ச்சி மணியை அடிக்க வேண்டும். மனுக்களை நடராசர் முன்னால் படித்துக் காட்டிவிட்டுப் பிறகு எரித்துவிடுவது வழக்கம். பல்கலைக்கழக நடைமுறையும் ஏறக்குறைய இதுதான். படித்துக் காட்டுவது மட்டும் இல்லை. ஆய்வுத் திட்டம் மூன்று படிகளில், உரிய இணைப்புகளுடன், பெட்டியில் சேர்க்கப்பட்டது. மணியும் அடித்தாயிற்று. ஒரு படிதான் போதும் என்று அருகில் நின்றவர் சொன்னார். மற்ற இரண்டும் தணிக்கைக்கு.